ஏழாம் எண் வீட்டுக் கூரையில் அழுதவள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் பாலிகோர் என்றொரு ஊர், அந்த ஊரில் துறைமுகத் தெரு, அந்தத் தெருவில் ஏழாம் எண் வீடு. பிரிஜித் புனிதையின் திருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு அந்த வீட்டின் கூரை முகட்டில், சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, முழங்கால்வரை தொங்கும் நரைமுடியை வெள்ளிச் சீப்பால் ஒரு பக்கமாக வாரிக்கொண்டு, அழுகைக்காரி வந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறந்து அழ ஆரம்பித்ததும் தெருநாய்கள் படுத்துக்கொண்டன, மீன்கடைக்காரர் பாதி வெட்டிய மீனை அப்படியே விட்டுத் தொப்பியைக் கழற்றினார், பள்ளிப் பேருந்து ஓரங்கட்டி நின்றது. வெளியூர்க்காரர்கள் அவளைப் பான்ஷீ என்பார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்பதால் பாலிகோரில் ‘அவள்’ என்றுதான் பேச்சு. அவள் அழுதால் ஒரு வாரத்துக்குள் ஒரு சாவு விழும். அதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

முப்பத்தோரு ஆண்டுகளாக வராதவள் வந்திருக்கிறாள் என்பதில் ஊருக்கு ஆச்சரியம் இல்லை, வரவேண்டியவள், வந்தாள். ஆச்சரியமெல்லாம் அவள் தேர்ந்தெடுத்த கூரையைப் பற்றித்தான். ஏழாம் எண் வீட்டில் இருந்தவர்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலிலிருந்து பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்த புருஷனும் பெண்சாதியும். பிரகாசி ஊர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். இஞ்ஞாசி விஸ்கி ஆலையின் கிடங்கில் பீப்பாய் உருட்டுபவன். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பின்வரிசை, கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்கு முறுக்கு, மற்றபடி இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவர்கள்.

ஊரில் ஃபின்டன் என்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊர் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதி முடித்து, நாலாவதற்கு விஷயம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். அவர்தான் தெருமுனையில் நின்று எல்லோருக்கும் விளக்கினார். ஒரு காளைமாட்டுக்காகப் படை திரட்டிப் போருக்குப் போன ராணியின் காலத்திலிருந்து அவள் மூன்று குடும்பங்களுக்கு மட்டும்தான் அழுவாள்: ஓகிரேடி, மக்நமாரா, கவானா. வைக்கிங் கொள்ளைக்காரன் வந்தான், அழவில்லை. ஆங்கிலேயன் வந்தான், அழவில்லை. மேட்டு மாளிகையில் சாகக் கிடந்த ஆங்கிலேய நிலப்பிரபு ஒருவன், தன் கூரைக்கு அவள் வரமாட்டேன் என்கிறாளே என்ற ஏக்கத்தில் சந்தையிலிருந்து நாலு பெண்களைக் கூட்டிவந்து ஓட்டின்மேல் ஏற்றி அழவைத்துப் பார்த்தான். அதில் ஒருத்தி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆகவே இது முகவரிக் குழப்பம். ஏழாம் எண் வீடு இருக்கும் மனையில் ஒரு காலத்தில் ஓகிரேடிகளின் மாட்டுத்தொழுவம் இருந்ததாக இரண்டாம் தொகுதியில் அவரே எழுதியிருக்கிறார். பழைய ஆள், பழைய வழியில் வந்திருக்கிறாள் என்று ஊர் தலையாட்டியது.

இரண்டாம் நாளே அவள் அழுகை ஊரின் அன்றாடத்தில் கலந்துவிட்டது. நகராட்சி தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்தது, பாதிரியார் மாலைப் பாடல் பயிற்சியைக் காலைக்கு மாற்றினார், தாய்மார்கள் அந்தச் சத்தத்திலேயே குழந்தைகளைத் தூங்கவைக்கப் பழகினார்கள், பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினார்கள். மூன்று குடும்பங்களிலும் சேர்த்து நூற்று நாற்பது பேர். நூற்று நாற்பது பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டும் ஊரின் ஒரே டாக்டரிடம் போய் வரிசையில் நின்றார்கள். இருபது வயதுக் கவானா ஒருவன் கால் நகம் கறுத்திருக்கிறது என்று போனான், அவனுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள்.

பிரகாசி செவ்வாய்க்கிழமையே புரிந்துகொண்டாள். வேலை முடிந்து வந்தவள் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள், அந்த அழுகையைக் காதுகொடுத்துக் கேட்டாள். தவழ்கிற வயதிலிருந்து சாவு வீட்டுப் பெண்களின் மடியில் கிடந்து வளர்ந்தவளுக்கு, ஓர் அழுகை பிள்ளைக்கா, தகப்பனுக்கா, புருஷனுக்கா என்று கண்டுபிடிக்க வார்த்தை புரிய வேண்டியதில்லை. உள்ளே போனாள். இஞ்ஞாசி அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எப்ப இருந்து வலிக்கு?”

“பீப்பா உருட்டுத கைக்கு வலிக்கத்தான செய்யும். ஆஸ்பத்திரிய வீட்டுக்குள்ள கொண்டுவராத.”

“மேல ஒருத்தி ஒக்காந்து அழுதுகிட்டு இருக்கா. கேக்குல்லா?”

“கேக்கு. மழைல நனையுதா, பாவம். ஒரு கொட எடுத்துக் குடுப்போமான்னு பாக்கேன்.”

“அவ உங்களுக்குத்தாங்க அழுதா.”

இஞ்ஞாசி சிரித்தான். “நமக்கு அழ இந்த ஊர்ல யாரு இருக்கா பிரகாசி?” என்றான். அப்படிச் சொன்னவன் முகத்தில் பயத்தைவிடக் கொஞ்சம் பெருமைதான் தெரிந்தது என்று பிரகாசி பின்னால் என்னிடம் சொன்னாள்.

அவள் டாக்டர் அறைக்கு ஃபோன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண், அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன் மாலை ஓர் இடம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, “நீங்க எந்தக் குடும்பம்?” என்று கேட்டாள். எந்தக் குடும்பமும் இல்லை என்றதும், “அப்போ உங்களுக்கு எந்தப் பயமும் இல்ல, கொடுத்துவச்சவங்க” என்று வைத்துவிட்டாள். பிரகாசி வீட்டில் இருந்த கருவியால் இரத்த அழுத்தம் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆஸ்பிரின் கொடுத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றாள். “கூப்பிட்டு என்ன சொல்லுவ? கூரைல ஒருத்தி அழுதான்னா? வெள்ளிக்கிழம உனக்கு லீவுதான, பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்று அவன் முடித்துவிட்டான்.

புதன்கிழமை காலை மேவ் ஓகிரேடி வந்தாள். ஊரின் பெரிய மதுக்கடை அவளுடையது. தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு திராட்சைக் கேக்கோடு வந்திருந்தாள். பிரகாசி அவளிடம் நேராகவே சொன்னாள், கூரையில் இருப்பவள் அழுவது என் புருஷனுக்கு, உங்கள் டாக்டரிடம் ஒரு இடம் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று. மேவ் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அப்படியெல்லாம் இல்ல, கண்ணு. அவ உங்க ஆட்களுக்கு அழமாட்டா. நீங்க நிம்மதியா இருங்க.”

கனிவாகத்தான் சொன்னாள். அந்தக் கனிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

யாருக்கு என்பதை ஊர் அதற்குள் முடிவுசெய்திருந்தது. மேவின் தகப்பனார் டோனல் ஓகிரேடிக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? நாலு ஆண்டுகளாக முதியோர் இல்லத்தின் ஜன்னலோரம் கிடந்தவரை, சொந்தக் கட்டிலில் சாகட்டும் என்று குன்றின்மேலுள்ள வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். பார்த்துக்கொள்ள நர்ஸ் வேண்டுமே, பிரகாசியையே அனுப்பினார்கள். நாலு ஆண்டில் கிறிஸ்துமஸைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத மனிதரைப் பார்க்க ஒரே நாளில் அறுபது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அவர் உதட்டில் விஸ்கியைத் தொட்டு வைத்தார்கள், அவர் இளமையில் எந்தக் குதிரையை எந்த வேலி தாண்டவைத்தார் என்று அவருக்கே ஞாபகப்படுத்தினார்கள். கிழவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு அவித்த முட்டை தின்றார். நாடி எழுபத்திரண்டு, கடிகாரம் தோற்றது.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது அவர் பிரகாசியைக் கிட்டே கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழம வரைக்கும் என் நாடி நல்லா இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லாதே.”

“அவ யாருக்கு அழறான்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “எங்க அம்மாவுக்கு அழுதப்போ கேட்டிருக்கேன். இது எங்க வீட்டு அழுகை இல்ல.”

“அதை அவங்ககிட்டச் சொல்லுங்களேன். என் வீட்டுக்காரருக்கு டாக்டர் பாக்கணும்.”

“சொன்னா எல்லாரும் போயிடுவாங்க” என்றார் டோனல். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிரகாசி போய் மேவிடம் சொன்னாள். சாகப்போகிறவர்களுக்குக் கடைசியில் நாடி தெளிவாகத்தான் அடிக்கும் என்று மேவ் முப்பது வருட நர்ஸுக்குப் பாடம் எடுத்தாள்.

அந்த மூன்று குடும்பங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிற அன்றைக்கு அவன் பெயரெழுதிய ஒரு பீப்பாய் விஸ்கியைக் கிடங்கின் இருட்டில் வைப்பார்கள்; அதை அவனுடைய சாவுக்குத்தான் திறக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு மரத்தின் வழியாக ஆவியாகிக் குறைவதைத் தேவதூதர்களின் பங்கு என்பார்கள். டோனலின் பீப்பாய்க்கு வயது அறுபத்தாறு; பாதியைத் தேவதூதர்கள் குடித்துவிட்டார்கள், மீதிப் பாதியே இரண்டு ஆள் கனம் இருந்தது. அந்தப் பீப்பாயை வண்டியில் ஏற்றக் கூடாது. அது கிடங்கிலிருந்து சாவு வீடுவரை நடந்து போக வேண்டும், அதாவது அந்தக் குடும்பத்து ஆண்கள் கையால் உருட்டிப் போக வேண்டும். ஆனால் அந்த வாரம் ஓகிரேடி ஆண்கள் எல்லோரிடமும், முன்னெச்சரிக்கையாகக் கனம் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் கிடங்கு மேலாளர் இஞ்ஞாசியைக் கூப்பிட்டார். பதினோரு ஆண்டுகளாக ‘நண்பா’ என்றும் ‘ஏழாம் வரிசைக்காரன்’ என்றும் கூப்பிட்டவர், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ‘இக்னேஷியஸ்’ என்று முழுப்பெயரைச் சொல்லி, பாலிகோரின் மிகப் பழைய பீப்பாயை உருட்ட உன்னைவிட நல்ல கை இல்லை என்றார். இஞ்ஞாசி வீட்டுக்கு ஓடிவந்து ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். பிரகாசிக்கு ஃபோன் பண்ணினான்.

“கேட்டியா, நம்மளக் கூப்பிட்டிருக்காவ. அவிய குடும்பத்து ஆளுதான் உருட்டணுமாம், நம்மள உருட்டச் சொல்லுதாவ!”

“வேண்டாங்க. நெஞ்சு வலின்னு சொல்லிருங்க. நான் கும்பிட்டுக் கேக்கேன்.”

“இந்த ஒரு நாளுதான். நாளைக்கு நீ சொல்லுத ஆஸ்பத்திரிக்கு வாரேன், ஊசி போடு, கத்தி போடு, என்னமும் செய்யி.”

அவன் பீப்பாயைக் கிடங்கிலிருந்து இறக்கி, மீன்கடையைத் தாண்டி, தேவாலயத்தைத் தாண்டி, தன் வீட்டின் முன்னால் வந்தபோது ஒரு நிமிடம் நின்று மேலே பார்த்தானாம். கூரையில் இருந்தவள் அவனைப் பார்த்துச் சீப்பை நிறுத்தினாள், ஆனால் அழுகையை நிறுத்தவில்லை. இருபுறமும் ஊர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது, பீப்பாய்க்கு. அவன் பாலத்தைக் கடந்து குன்றுப் பாதையில் உருட்டினான். பாதி மேட்டில், ஹாதார்ன் என்ற முள்மரத்தடியில், பீப்பாயை நிறுத்தி, அது கீழே உருண்டு யார்மேலும் மோதிவிடக் கூடாது என்று முதலில் ஆப்பைச் செருகினான். பிறகு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

அந்த நொடியில் அழுகை நின்றது. மூன்று நாளாகக் கேட்டுப் பழகிய சத்தம் சட்டென்று இல்லாமல் போனதும், டோனல் போய்விட்டார் என்று ஊர் மொத்தமும் குன்றை நோக்கி ஓடியது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனைத் தாண்டித்தான் எல்லோரும் ஓடினார்கள். இளைப்பாறுகிறான் என்று நினைத்தார்கள். இரண்டு பேர், “எழுந்திரு, அவர் போயிட்டார், சீக்கிரம் கொண்டுவா” என்று அவன் தோளைத் தட்டிவிட்டும் போனார்கள்.

மேலே வீட்டில் மேவ் கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடியைத் துணியால் மூடினாள், ஆவி வெளியே போக ஜன்னலைத் திறந்தாள். “குளிருது, மூடு” என்றார் டோனல். பிரகாசியின் விரல் அவர் மணிக்கட்டில் இருந்தது, நாடி எழுபத்திரண்டு அடித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல், மேலே ஏறி வந்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் எதிராகக் கீழே ஓடினாள்.

ஊர் கெட்ட ஊர் இல்லை. வெட்கப்பட்டது, இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் வெட்கத்தோடு எத்தனை நாள் இருப்பது? அவள் தப்பாக அழுதாள் என்றால் ஆயிரம் வருடத்துப் பெருமை போய்விடும்; சரியாகத்தான் அழுதாள் என்றால் யாரோ ஒருவனுக்கு அழுதாள் என்றாகிவிடும். ஃபின்டன் ஓர் இரவும் பகலும் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஓகிரேடிப் படைவீரன் ஒருவன் தூத்துக்குடிப் பக்கம் போயிருக்க வேண்டும். இறந்தவன் அவனுடைய வம்சம். சான்று? அவள் அழுததைவிட என்ன சான்று வேண்டும்? நாலாம் தொகுதிக்கு விஷயம் கிடைத்துவிட்டது. மேவும் அவரும் ஒரு தாளோடு பிரகாசியிடம் வந்தார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பழைய மடத்து வளாகத்தில் ஓகிரேடிகளுக்கு நடுவில் புதைக்க இடம், பெரிய சாவுச் சடங்கு, டோனலின் பீப்பாயையே திறப்போம் என்றார்கள்.

“அவருக்கு அப்பா பேரு அந்தோணிமுத்து. உப்பளத்துல உப்பு வாருனவரு” என்றாள் பிரகாசி. “அவருக்கு அப்பா மரியசூசை. அவரும் உப்புதான் வாருனாரு. வேற யாரும் இல்ல.”

“உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது” என்றார் ஃபின்டன்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாமலே எல்லாம் நடந்தது. பாலிகோரின் சாவு வீட்டில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இறந்தவனைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். முதல் ஆள் எழுந்தார், நல்ல மனுஷன் என்றார், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் ஆளுக்கும் வரவில்லை. பதினோரு ஆண்டில் அவனைப் பற்றி ஒரு கதை அந்த ஊரில் ஒருவரிடமும் இல்லை. மௌனம் பொறுக்காமல் யாரோ ஒருவர் ஓர் ஓகிரேடியின் குதிரைக் கதையை எடுத்து இஞ்ஞாசிக்குப் போட்டுவிட்டார், இன்னொருவர் ஓர் ஓகிரேடி வெள்ளத்தில் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றிய கதையைக் கொடுத்தார், வீடு கலகலப்பானது. தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவன், குதிரையைத் தொட்டே பார்க்காதவன், பெட்டிக்குள் வேறு யாராகவோ ஆகிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் பிரகாசிக்கு அழுகை வரவில்லை. கல்லறைக் கல்லில் இக்னேஷியஸ் ஓகிரேடி என்று வெட்டினார்கள்.

ஏப்ரல் மாதத்தில் டோனல் ஓகிரேடி காலைத் தூக்கத்திலேயே போனார். எந்தக் கூரையிலும் யாரும் வந்து உட்காரவில்லை. ஊர் ஒரு நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. பழைய ஓகிரேடி, கடைசிப் பெரிய மனிதர், அழுகை இல்லாமல் எப்படிப் புதைப்பது? மறுநாள் காலை மேவ் ஏழாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“நீங்க இப்போ எங்க வீட்டுப் பொண்ணு. உங்க ஊர்ல சாவுக்குப் பாடி அழுவீங்கன்னு ஒருநாள் சொன்னீங்களே. அப்பாவுக்காக வரமுடியுமா?”

பிரகாசி, “வாரேன்” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

டோனலின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள், முடியை அவிழ்த்துவிட்டாள், மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அந்தோணிமுத்து பெத்த மகனே, உப்புத் தண்ணீல கால் வெடிச்ச மகனே, ஒனக்கு ஒரு டாக்டரு கெடைக்கலியே, செத்த பீப்பாய்க்குத் தொப்பியக் கழத்துன ஊரு சாகுத ஒன்னத் தாண்டி ஓடிச்சே, ஒந் தோளத் தட்டி எந்திரின்னு சொன்னாவளே, இந்தக் கெழவன் வாயத் தொறந்திருந்தா நீ இருந்திருப்பியே, ஒம் பேரக்கூட எடுத்துட்டுக் கல்ல நட்டாவளே, நான் யாருக்குப் பொண்டாட்டின்னு எந்தக் கல்லுல போய்க் கேப்பேன் என்று, இரண்டு மாதமாக உள்ளேயே கிடந்ததையெல்லாம், ஒன்றுவிடாமல், ஊர் மொத்தத்தின் முகத்துக்கு நேராக அழுது தீர்த்தாள்.

ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் அழுதார்கள். இப்படி ஓர் அழுகையைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்றார் பாதிரியார். டோனல் ஓகிரேடிக்கான இரங்கல் பாட்டு என்று தலைப்பிட்டு, ஒலியைக் கேட்ட மட்டும் ஃபின்டன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மேவ் பிரகாசியைக் கட்டிப்பிடித்து, அப்பா கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று விம்மினாள். பிரகாசி முடியை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தபோது கவானா வீட்டு மருமகள் பின்னாலேயே வந்து, தன் மாமியாருக்கும் உடம்பு சரியில்லை, அநேகமாக இந்த வாரம்தான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வரமுடியுமா என்று கேட்டாள்.